மாற்றுச் சாவி: ஒரிஜினலா, வெளித்தயாரிப்பா?

வாசகர் கேள்வி – பதில்

கார் சாவியைப் பற்றி இந்தப் பகுதியில் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலானவை, மாற்றுச் சாவியை நிறுவனத்திடம் வாங்குவதா, வெளியே செய்துகொள்வதா என்ற ஒரே கேள்வியை வெவ்வேறு அளவு கோபத்துடன் கேட்கின்றன. ஆகவே இந்த இதழில் மற்ற கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, பகுதி முழுவதையும் சாவிக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: காரோடு கொடுத்த இரண்டு சாவிகளில் ஒன்று தொலைந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் ஒரிஜினல் சாவிக்குச் சொல்லும் விலையும், அதற்காகக் காத்திருக்கச் சொல்லும் நாட்களும் மலைக்க வைக்கின்றன. வெளியே சாவி செய்பவர் ஒருவர், அதில் ஒரு சிறு பங்கு விலைக்கு ஒரு மணி நேரத்தில் செய்து தருவதாகச் சொல்கிறார். இவ்வளவு வித்தியாசம் ஏன்? நான் யாரிடம் போவது?

பதில்: விலைகளை ஒப்பிடுவதற்கு முன், இருவரும் ஒரே பொருளுக்குத்தான் விலை சொன்னார்களா என்று பார்க்க வேண்டும். இன்றைய கார் சாவி, ஒரு கைப்பிடிக்குள் அடங்கிய நான்கு பொருள்கள். பூட்டைத் திருப்பும் உலோகப் பிளேடு, எஞ்சினை ஓட அனுமதிக்கும் சிப், கதவைத் தூரத்திலிருந்து திறக்கும் ரிமோட், இவற்றையெல்லாம் சுமக்கும் பிளாஸ்டிக் கூடு. நான்கிலும் ஒரிஜினலுக்கும் வெளித்தயாரிப்புக்கும் உள்ள இடைவெளி ஒரே அளவில் இல்லை. எனவே மொத்தமாக ஒரு தீர்ப்புச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை.

முக்கியமானது சிப். டிரான்ஸ்பாண்டர் என்று அழைக்கப்படும் இந்தத் துண்டுக்குப் பேட்டரி கிடையாது. சாவித்துவாரத்தைச் சுற்றி மறைவாக ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு காந்தப்புலத்தை எழுப்ப, சிப் அதிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தான் யார் என்பதைச் சொல்கிறது. பழைய வகைச் சிப் எப்போதும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். பிற்காலத்து வகையில், கார் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு எண்ணைக் கொடுக்கும்; சிப் தன்னிடமுள்ள ரகசிய எண்ணைக் கொண்டு அதைக் கணக்கிட்டு விடை சொல்ல வேண்டும். விடை தவறினால், காரில் உள்ள திருட்டுத் தடுப்புக் கருவியான இம்மொபிலைசர் எஞ்சினை முடக்கிவிடும். சில கார்கள் ஓரிரு விநாடி ஓடுவதுபோல் ஓடிப் பிறகு நின்றுபோகும். ஐரோப்பிய ஒன்றியம் 1998-இலும், ஆஸ்திரேலியா 2001-இலும், கனடா 2007-இலும் புதிய கார்களுக்கு இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கின. அமெரிக்காவில் அப்படியொரு கட்டாயம் இல்லை. அங்கே 2010-களில் இந்தப் பாதுகாப்பு இல்லாமல் விற்கப்பட்ட ஹூண்டாய், கியா கார்கள் பின்னாளில் வரிசையாகத் திருட்டுப் போனதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். சிப்பைப் பொறுத்தவரை சிக்கனம் பார்க்கக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி 'ஒரிஜினல்' என்ற சொல். கார் நிறுவனங்களில் பெரும்பாலானவை தங்கள் சாவியைத் தாங்களே செய்வதில்லை. ஜெர்மனியின் ஹுஃப், ஹெல்லா, ஜப்பானின் டோக்காய் ரிக்கா, டென்சோ போன்ற உதிரிபாக நிறுவனங்கள் செய்து கொடுக்கின்றன. கார் நிறுவனத்தின் சின்னம் அதன்மேல் ஏறுகிறது. அதேபோல 'வெளித்தயாரிப்பு' என்பதும் ஒரே தரத்தைக் குறிப்பதில்லை. இத்தாலியின் சில்கா, ஸ்பெயினின் ஜேஎம்ஏ போல வெட்டப்படாத சாவிகளைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிற நிறுவனங்களின் பொருளும் வெளித்தயாரிப்புதான். பெயரோ முகவரியோ இல்லாமல் நெகிழிப் பையில் வரும் பொருளும் வெளித்தயாரிப்புதான். சாவி செய்பவரிடம் "டூப்ளிகேட் நன்றாக இருக்குமா?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "இது யார் தயாரிப்பு, உள்ளே எந்தச் சிப்?" என்று கேளுங்கள், பதில் சொல்லத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் அந்த ஒரு கேள்வியே பிரித்துக் காட்டிவிடும்.

பிளேடைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஏழெட்டு ஆண்டு புழங்கிய சாவியின் பற்கள் தேய்ந்திருக்கும். அதை மாதிரியாக வைத்து இன்னொன்றை வெட்டினால், தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். போதாததற்கு வெட்டும் இயந்திரத்தின் சிறு பிழையும் அதன்மேல் ஏறும். புதுச் சாவி முதல் நாளிலிருந்தே பூட்டில் தயங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சாவியின் குறியீட்டு எண்ணைக் கொண்டு, தொழிற்சாலையில் வெட்டிய அதே அளவுகளில் வெட்டும் இயந்திரங்கள் இருக்கின்றன. சர்வீஸ் சென்டர் அப்படித்தான் வெட்டி வரவழைக்கிறது. வெளியேயும் நல்ல தொழிலாளியிடம் அந்த வசதி இருக்கும். கேட்டு வாங்க வேண்டும். உலோகமும் முக்கியம்: மலிவான சாவிகள் மென்மையான பித்தளையின்மேல் பளபளப்பான பூச்சு ஏற்றியவை, இறுக்கமான பூட்டில் முறுக்கிக்கொள்ளும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கார் புதிது, உத்தரவாதக் காலத்தில் இருக்கிறது என்றால் ஒரிஜினலையே வாங்குங்கள். காலம் கடந்த கார், திருப்பும் வகைச் சாவி, இன்னொரு சாவி நல்ல நிலையில் கையில் இருக்கிறது என்றால், பெயருள்ள தயாரிப்பாளரின் சாவியில் புதிய சிப் வைத்து, காரில் முறையாகப் பதிவு செய்து, குறியீட்டு எண்ணின்படி வெட்டித் தரும் வெளித்தொழிலாளியிடம் நான் தயங்காமல் போவேன். அலமாரியில் கிடக்கப்போகிற சாவிக்குச் சின்னம் எதற்கு? அதற்கு ரிமோட்கூட வேண்டியதில்லை. சிப் மட்டும் உள்ள, பொத்தான் இல்லாத சாவி விலையும் குறைவு, கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை.

கேள்வி: ஒருவர், "உங்கள் சாவியையே காப்பி எடுத்துவிடலாம், காரைக் கொண்டுவரவே வேண்டாம்" என்கிறார். இன்னொருவர், "காரைக் கொண்டுவாருங்கள், கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் நடக்கக்கூடியதே, ஆனால் இருவரும் இரு வேறு வேலைகளைச் சொல்கிறார்கள். சாவி வாங்குபவர்களில் பாதிப் பேருக்கு இந்த வித்தியாசம் சொல்லப்படுவதே இல்லை என்பது என் நீண்ட நாள் குறை.

காரின் இம்மொபிலைசருக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. எந்தெந்தச் சாவிக்கு எஞ்சினை விடலாம் என்ற வருகைப் பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாமவர் சொல்வது, புதிய சாவியின் பெயரை அந்தப் பதிவேட்டில் எழுதுவது. முதலாமவர் சொல்வது, பழைய சாவியின் அடையாளத்தை அப்படியே இன்னொரு சிப்பில் படியெடுப்பது. பதிவேட்டில் புதிதாக எதுவும் எழுதப்படுவதில்லை. ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு இருவர் உள்ளே போகிறார்கள், காருக்கு அது தெரியாது.

படியெடுப்பதில் வசதி உண்டு. காரின் கம்ப்யூட்டரைத் தொட வேண்டியதில்லை, நேரம் குறைவு, செலவு குறைவு. பழைய கார்களுக்கு அது போதும் என்றே சொல்வேன். ஆனால் நகல் சாவி நாளை தொலைந்தால், அதை மட்டும் தனியாக நீக்க முடியாது. அதன் பெயரை அழித்தால் உங்கள் கையிலுள்ள மூலச்சாவியும் சேர்ந்தே செல்லாக்காசாகிவிடும். எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன என்று காட்டும் கார்களில்கூட, நகல்கள் அந்தக் கணக்கில் வராது.

ரகசியக் கணக்குப் போடும் சிப்பை எப்படிப் படியெடுக்க முடிகிறது என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கணக்குகளில் சில உடைந்துவிட்டன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் சிப்பில் இருந்த 40 பிட் ரகசிய எண்ணைக் கண்டுபிடிக்க முடியும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் ஆர்எஸ்ஏ ஆய்வகமும் சேர்ந்து 2005-இல் காட்டின. ஹிட்டாக்2 என்ற வகை 2012-இல் அதே வழியில் போயிற்று. மெகாமோஸ் என்ற வகையைப் பற்றிய ஆய்வை 2013-இல் பிரிட்டனின் நீதிமன்றம் தடுத்துவைத்தது. 2015-இல்தான் அது வெளிவந்தது. சாவிக்காரரின் மேசைமேல் இன்று உட்கார்ந்திருக்கும் படியெடுக்கும் கருவி, இப்படித் திறந்த கதவுகளின் வழியாக வந்ததுதான்.

உங்களுடைய ஒரு சாவி வெளியே எங்கோ தொலைந்திருக்கிறது என்றால், படியெடுப்பது போதவே போதாது. பதிவேட்டை முழுவதும் அழித்துவிட்டு, கையில் இருக்கும் சாவிகளை மட்டும் மறுபடி எழுதச் சொல்லுங்கள். அந்த வேலைக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லாச் சாவிகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றை மறந்து வைத்துவிட்டுப் போனால் அதன் பெயரும் அழிந்துவிடும். மறுநாள் காலை அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்புகிறவருக்குத்தான் அது தெரியவரும். இன்னொன்று: அழிக்கப்பட்ட சாவியால் எஞ்சின் ஓடாதே தவிர, அதன் பிளேடு கதவை இன்னமும் திறக்கும். தொலைந்த சாவியோடு உங்கள் முகவரியும் போயிருந்தால், கதவுப் பூட்டின் உட்பகுதியையும் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: இணையத்தில் என் பழைய ரிமோட்டைப் போலவே அச்சாக இருந்த ஒன்றை வாங்கினேன். சாவியை வெட்டியும் ஆயிற்று. எஞ்சின் ஓடுகிறது, ஆனால் பொத்தான்கள் எதுவும் வேலை செய்யவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: எஞ்சின் ஓடுகிறது என்றால் சிப் சரியாகப் பதிவாகிவிட்டது. ரிமோட் தனி மனிதர். அவருடைய ரேடியோவும் தனி, பல கார்களில் பதிவு செய்யும் முறையும் தனி. முதலில் அந்தப் பதிவு நடந்ததா என்று வெட்டிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். நடந்தும் வேலை செய்யவில்லை என்றால், அதிர்வெண்தான் என் சந்தேகம். வட அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் செய்யப்படும் ரிமோட்டுகள் பலவும் 315 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. ஐரோப்பாவிலும் உலகின் வேறு பல பகுதிகளிலும் 433.92 மெகாஹெர்ட்ஸ்தான் வழக்கம். இரண்டுக்கும் கூடு ஒன்று, பொத்தான் ஒன்று, சின்னம்கூட ஒன்றாக இருக்கலாம். ஒன்று தமிழில் பேச இன்னொன்று வேறு மொழியில் கேட்டுக்கொண்டிருக்கும் கதைதான். எந்தக் கருவியாலும் அதைப் பதிவு செய்ய முடியாது.

ரிமோட் வாங்கும்போது தோற்றத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். பழைய ரிமோட்டின் முதுகிலோ, கூட்டைத் திறந்தால் உள்ளே மின்சுற்றுப் பலகையின் மீதோ சிறிய எழுத்தில் பாக எண் இருக்கும். கடைசி எழுத்து வரை அது பொருந்த வேண்டும், அல்லது புதிய ரிமோட்டைச் செய்தவர் 'இந்த எண்ணுக்கு மாற்று' என்று எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். உங்களுடையதைத் திருப்பி அனுப்பும் கெடு முடியவில்லை என்றால் அனுப்பிவிடுங்கள். பிளேடை வெட்டிவிட்டதால் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்தால், அதை வெறும் சிப் சாவியாக வைத்துக்கொள்ளலாம், முழு நஷ்டமில்லை.

கேள்வி: என் சாவியின் ரப்பர் பொத்தான் கிழிந்து, கூடும் விரிந்துவிட்டது. புதுச் சாவியே வாங்க வேண்டும் என்கிறார்கள். வெறும் கூடு மட்டும் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும்; அதை மட்டும் வாங்குங்கள். வெளித்தயாரிப்புக் கூட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கும் ஒரே இடம் இது. உள்ளேயிருக்கும் பலகையும் சிப்பும் உங்கள் ஒரிஜினலே. உடுப்பு மட்டும் புதிது. பழைய பிளேடைக் கழற்றிப் புதிய கூட்டில் பொருத்த முடிகிற வகையாகப் பார்த்து வாங்கினால், வெட்டும் செலவும் இல்லை.

ஆனால் ஒரு பாடம் சொல்கிறேன், நான் பட்ட பாடு. சில ஆண்டுகளுக்கு முன் இதே வேலையை வீட்டில் மேசைமேல் செய்தேன். கூட்டைப் பிளந்து, பச்சைப் பலகையை எடுத்துப் புதியதில் உட்காரவைத்து, திருகை முடுக்கி, கதவைத் திறந்து பார்த்தேன். 'டக்' என்று திறந்தது. பெருமையோடு பழைய கூட்டைக் குப்பையில் போட்டுவிட்டு எஞ்சினைக் கிளப்பினால், ஓடவில்லை. டேஷ்போர்டில் சாவிச் சின்னம் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டரைச் சந்தேகித்தேன், பேட்டரியைச் சந்தேகித்தேன், அரை மணி நேரம் கழித்துத்தான் புத்தி வந்தது. என் சாவியில் சிப் பலகையோடு சேர்ந்ததல்ல. பழைய கூட்டின் ஒரு மூலையில் தனியே செருகி வைத்திருந்த கறுப்புக் கட்டை. 12 மில்லிமீட்டர் நீளம், 6 அகலம், 3 கனம். புளியங்கொட்டையைவிடச் சற்று மெலிந்தது. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காக இருந்ததால் கண்ணில் படவே இல்லை. குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடி எடுத்தேன்.

வேறு சில சாவிகளில் அது நெல்மணி போன்ற கண்ணாடிக் குழாயாக இருக்கும். திருப்புளியால் நெம்பினால் நொறுங்கும், நொறுங்கினால் மூலச்சாவியே போயிற்று. ஆகவே கூட்டைப் பிரிக்கும்போது சிப் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகே எதையும் நகர்த்துங்கள். ஒட்டியிருந்தால் அந்த மூலையை வெட்டி எடுத்து அப்படியே புதுக் கூட்டில் வையுங்கள். எஞ்சின் ஓடும்வரை பழைய கூட்டை எறியாதீர்கள்.

கேள்வி: உடைத்த காரிலிருந்து எடுத்த ஒரிஜினல் சாவி பாதி விலைக்குக் கிடைக்கிறது. வெளித்தயாரிப்பைவிட அது மேலல்லவா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பல நிறுவனங்களின் சிப்புகள் ஒருமுறை ஒரு காருக்கு எழுதப்பட்டுவிட்டால் பூட்டிக்கொள்கின்றன. அதன்பின் வேறு காரின் பதிவேட்டில் அவற்றை எழுத முடியாது. அவற்றைப் புதிதாக்கித் தருவதாகச் சொல்லும் கருவிகள் சில வகைகளுக்கு உண்டு, ஆனால் பலகையைப் பிரித்துச் செய்யும் வேலை அது. பழைய ஒரிஜினலுக்கும் புதிய நல்ல வெளித்தயாரிப்புக்கும் இடையே கேட்டால், நான் பின்னதைத்தான் எடுப்பேன். விற்பவர், "பதிவாகவில்லை என்றால் பணத்தைத் திருப்பித் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் வேறு விஷயம்.

கேள்வி: இருந்த ஒரே சாவியும் தொலைந்துவிட்டது. இப்போதாவது வெளியே செய்யலாமா, அல்லது நிறுவனத்திடம்தான் போக வேண்டுமா?

பதில்: செய்யலாம், ஆனால் வேலை வேறு வகைக்கு மாறிவிட்டது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சாவி கையில் இருக்கும்போது, காரே அதை நம்பி அடுத்த சாவியை ஏற்றுக்கொள்கிறது. சில மாடல்களில், பதிவான இரண்டு சாவிகள் இருந்தால் மூன்றாவதை உரிமையாளரே பதிவு செய்துகொள்ளும் வழிகூட உரிமையாளர் கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும். எதுவுமே இல்லாதபோது காரை நம்பவைக்க வேறு வழி தேட வேண்டியிருக்கிறது: நிறுவனத்திடமிருந்து காரின் ரகசியக் குறியீட்டை வாங்க வேண்டும், அல்லது இம்மொபிலைசர் பெட்டியைக் கழற்றி அதன் நினைவகத்தை நேரடியாகப் படிக்க வேண்டும். இரண்டாவது வழி, கை பழகியவர் செய்தால் சாவி கிடைக்கும். பழகாதவர் செய்தால் பெட்டியையே மாற்ற நேரும். அப்போது ஒரிஜினல் சாவியின் விலை உங்களுக்கு மலிவாகத் தெரியும்.

எனவே முதலில் வீட்டைத் தேடுங்கள், சாவிக்காக அல்ல. கார் வாங்கியபோது சாவிக்கொத்தில் ஒரு சிறிய உலோக வில்லையோ, எண் அச்சிட்ட அட்டையோ இருந்திருக்கும். பெரும்பாலோர் அதை ஆவணக் கோப்பில் போட்டு மறந்திருப்பார்கள். பிளேடை வெட்டுவதற்கான குறியீட்டு எண் அதுதான். அது கிடைத்தால் வேலையில் ஒரு பாதி எளிதாகிவிடும். கிடைக்காவிட்டால், சேஸிஸ் எண்ணையும் உரிமையாளர் என்பதற்கான ஆவணத்தையும் அடையாள அட்டையையும் கொண்டு நிறுவனத்திடம் கேட்கலாம்.

வெளித்தொழிலாளியிடம் போவதென்றால், ஆவணம் எதையும் கேட்காமல் வேலையைத் தொடங்குகிறவரிடம் கொடுக்காதீர்கள். உங்களிடம் கேட்காதவர் உங்கள் காரை ஓட்டிவரும் இன்னொருவரிடமும் கேட்க மாட்டார். செய்வதுதான் செய்கிறீர்கள், இரண்டாகச் செய்துகொள்ளுங்கள். கருவியை மாட்டிக் காரைத் திறந்துவைத்திருக்கும் அந்த நேரத்தில் இரண்டாவது சாவியை எழுதுவது சில நிமிட வேலை.

கேள்வி: என் கார் பொத்தானை அழுத்திக் கிளப்பும் வகை. சட்டைப்பையில் ஸ்மார்ட் கீ இருந்தால் போதும். இதற்கும் வெளித்தயாரிப்பு வாங்கலாமா? காப்பீட்டில் சிக்கல் வருமா?

பதில்: இந்த வகையில் நான் நிறுவனத்தின் பக்கம் சாய்கிறேன். திருப்பும் சாவியில் சிப் சுருளுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. தவற வாய்ப்பு குறைவு. ஸ்மார்ட் கீயில் கார் தன்னைச் சுற்றிப் பல ஆன்டெனாக்களின் வழியாகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் கூப்பிட, சாவி அதைக் கேட்டு, தான் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது தெரியும்படி உயர்ந்த அதிர்வெண்ணில் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேட்கும் திறன் கொஞ்சம் பிசகினாலும், சில நாள் கதவு திறக்கும், சில நாள் திறக்காது, சாவி இருக்கையின் மேலேயே கிடக்க 'சாவி இல்லை' என்று கார் புலம்பும். இப்படி விட்டு விட்டு வரும் குறையைக் கண்டுபிடிப்பதைவிடப் புதுச் சாவி வாங்குவது எளிது.

திருட்டும் ஒரு காரணம். வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சைகையை இருவர் கருவிகளால் எட்டிப் பிடித்துக் காருக்குக் கடத்தி, கதவைத் திறந்து ஓட்டிப்போகும் முறை ஒன்று பரவியிருக்கிறது. அதற்கு எதிராகச் சில நிறுவனங்கள் சாவிக்குள்ளேயே அசைவை உணரும் பாகத்தை வைக்கின்றன. ஃபோர்டு 2019-இல் ஐரோப்பாவில் ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களுக்குக் கொண்டுவந்த சாவி, 40 விநாடி அசையாமல் கிடந்தால் உறங்கிவிடும். உறங்கும் சாவி கடத்தல்காரர்களுக்குப் பதில் சொல்லாது. உங்கள் ஒரிஜினலில் அப்படியொரு வசதி இருந்து, மாற்றுச் சாவியில் இல்லையென்றால், வீட்டில் ஒரு சாவி உறங்க இன்னொன்று இரவெல்லாம் விழித்திருக்கும். விற்பவரிடம் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, திருட்டுக்கு இழப்பீடு கேட்கும்போது எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது பல நிறுவனங்களின் வழக்கம். சாவி தொலைந்ததையும் புதிதாகச் செய்ததையும் காட்டும் ரசீதை வைத்திருங்கள். அதில் எத்தனை சாவிகள் பதிவாயின, பழையது அழிக்கப்பட்டதா என்று எழுதி வாங்குங்கள். வெளியே செய்தாலும் ரசீது கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

கேள்வி: புது ரிமோட்டின் பேட்டரி இரண்டு மாதத்திலேயே தீர்ந்துவிடுகிறது. மட்டமான சாவியா?

பதில்: இருக்கலாம், அதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். சிஆர்2025-உம் அதே விட்டம், அதே 3 வோல்ட். கனம் மட்டும் 2.5. மெலிந்ததைக் கனமானதன் இடத்தில் போட்டால் உட்கார்ந்துவிடும், ஆனால் தகடு சரியாகத் தொடாது; தட்டினால் வேலை செய்யும், தட்டாவிட்டால் செய்யாது. கூட்டில் எழுதியிருக்கும் எண்ணையே போட்டும் இரண்டு மாதம்தான் தாங்குகிறது என்றால், பலகையில் மின்சாரம் கசிகிறது. திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: புதுச் சாவியைக் கையில் வாங்கியதும் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: பணம் கொடுப்பதற்கு முன் சோதிக்க வேண்டும் என்பது முதல் விஷயம். பிளேடை ஓட்டுநர் கதவு, டிக்கி, எஞ்சின் என்று பூட்டு உள்ள இடங்கள் எல்லாவற்றிலும் திருப்பிப் பாருங்கள். ரிமோட் இருக்கும் தைரியத்தில் கதவுப் பூட்டைச் சோதிக்காமல் வந்துவிட்டால், பேட்டரி தீர்ந்த அன்றுதான் அது திறக்காது என்று தெரியும். ரிமோட்டை ஒட்டி நின்று அழுத்தாமல், பழைய சாவி எட்டிய தூரத்திலிருந்து அழுத்துங்கள். ஸ்மார்ட் கீ என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கையேட்டில் சொல்லியிருக்கும் இடத்தில், பெரும்பாலும் ஸ்டார்ட் பொத்தானின் மேலேயே, சாவியை ஒட்டிப் பிடித்து எஞ்சின் கிளம்புகிறதா என்று பாருங்கள். உள்ளேயிருக்கும் பேட்டரி வேண்டாத சிப் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கும்போது அப்படியே ஓரிரு நிமிடம் ஓடவிடுங்கள். கிளம்பியதும் அணைத்துவிட்டால், முன்னே சொன்னதுபோல ஓரிரு விநாடி ஓடி நிற்கும் கார்களில் தவறான சிப்பும் தேர்ச்சி பெற்றுவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்த நேரத்தில் பழைய சாவி புதிய சாவியின் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. ஒரே வளையத்தில் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் திருப்புவது புதிய சாவியாக இருக்கும், சுருளுக்குப் பதில் சொல்வது பழைய சிப்பாக இருக்கும். எஞ்சின் ஓடிவிடும், நீங்களும் திருப்தியாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவீர்கள். பழைய சாவியை வளையத்திலிருந்து கழற்றி, கூட வந்தவர் கையில் கொடுத்து, காரிலிருந்து இருபது அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அதன் பிறகு கிளப்புங்கள்.